பெட்டி விற்ற கணக்கும் கேம் விற்ற கணக்கும் ஒன்றல்ல

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி லாஸ்பேட்டைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். "நான்கே நாளில் 35 லட்சம் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கேம் பெட்டி விற்றிருக்கிறது, கேம் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல காலம் வராது" என்று மேடையில் இருந்தவர் மாணவர்களிடம் சொன்னார். பெட்டி விற்பது வேறு, கேம் விற்பது வேறு என்று நான் எழுந்து சொன்னதற்கு, "அண்ணன் டிஸ்க் வாடகைக்கு விட்டவர், அவருக்கு அப்படித்தான் தெரியும்" என்றார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் சொன்ன எண்ணிக்கை தவறில்லை. 2025 ஜூன் 5-இல் வெளிவந்த அந்தக் கருவி அவ்வளவு வேகமாக விற்றது உண்மைதான். ஆனால் மரியோ கார்ட் வேர்ல்டு கேமையும் சேர்த்துத் தந்த பொதியைத்தான் பெரும்பாலோர் வாங்கினார்கள். முதல் கேம் பெட்டியோடே வந்துவிடுகிறது. இரண்டாவது கேமை வாங்குவார்களா, வாங்கினாலும் அது யாருடைய கேமாக இருக்கும் என்பதல்லவா அந்த மாணவர்களுக்குச் சொல்லப்பட வேண்டியது?

2009-இல் முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு, பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் ஒரு நிண்டெண்டோ வீ கொண்டுவந்து கொடுத்தார். மெல்லிய அட்டை உறைக்குள் வீ ஸ்போர்ட்ஸ் டிஸ்க் ஒன்று உடன் வந்தது. அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் பிடிக்கும் ரிமோட்டின் வாரை மணிக்கட்டில் மாட்டி, திரையில் பந்து உருட்டுவதைப் பார்க்கத் தெருவே கூடும். கருவி அந்த வீட்டில் இருந்த ஆறு ஆண்டுகளில் இரண்டாவது டிஸ்க் ஒன்று உள்ளே வரவே இல்லை.

உலகக் கணக்கு இவ்வளவு மோசமில்லை. வீ விற்றது 10 கோடியே 16 லட்சம். அதற்கான கேம்கள் ஏறத்தாழ 92 கோடி. வகுத்தால் பெட்டிக்கு ஒன்பது கேம் என்று நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் அதில் வீ ஸ்போர்ட்ஸ், வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட், மரியோ கார்ட் வீ, நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ ஆகிய நான்கு மட்டுமே 18 கோடிக்கு மேல். நான்கும் நிண்டெண்டோவின் சொந்தச் சரக்கு. மிச்சத்திலும் நிண்டெண்டோவின் மற்ற கேம்கள் போகத்தான் மற்ற எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

கருவியை எதற்காக வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2000-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-ஐப் பலர் வாங்கியது டிவிடியில் படம் பார்க்க. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-ஐப் பலர் வாங்கியது ப்ளூரே டிஸ்கில் படம் பார்க்க. சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பி கோடிக்கணக்கில் விற்றும், மெமரி ஸ்டிக்கில் திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொண்டவர்களால் கேம் விற்பனை அடிவாங்கியது. இன்றைக்கு ஃபோர்ட்நைட்டை இலவசமாக இறக்கி ஆண்டுக்கணக்கில் அதிலேயே இருக்கும் பிள்ளைகள் வேறு கேமுக்கு ஏன் பணம் கொடுப்பார்கள்?

"பிளேஸ்டேஷன் 2-க்கு 150 கோடிக்கு மேல் கேம் விற்றதே" என்று ஒருவர் கேட்பார். விற்றது, மறுக்கவில்லை. ஆனால் கடலூரில் என் கடைக்கு வந்தவை எல்லாம் திருட்டு டிஸ்க் ஓடும்படி சிப் போட்ட பெட்டிகள். அசல் டிஸ்க் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "கருவி பெருகினால் வாடிக்கையாளர் பெருகுவார்கள் என்பது பொது அறிவு" என்பார் இன்னொருவர். அந்தப் பொது அறிவை நம்பித்தான் 2021-இல் நான் கடன் வாங்கினேன்.

அந்த ஆண்டு பிப்ரவரி 2-இல் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது. 49,990 ரூபாய்க்குப் பெட்டி கிடைக்காமல் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்து, இத்தனை ஆசையோடு வாங்குகிறவர்கள் கேமுக்குச் செலவழிக்க மாட்டார்களா என்று நினைத்து, 4,999 ரூபாய் விலையில் முப்பது டிஸ்க் இறக்கினேன். பதினொன்று விற்றன. விற்றவற்றிலும் ஒரே டிஸ்க் மஞ்சக்குப்பத்தில் ஐந்தாறு வீடுகளுக்குக் கைமாறிப் போய், பழைய டிஸ்காக என்னிடமே திரும்பி வந்தது. அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் விளையாடியும் கேம் செய்தவனுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு டிஸ்கின் காசு.

நான் பொறாமையில் பேசுகிறேன் என்று எழுதியவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்குப் போட்டியாக அங்கே யாரும் இல்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவர், அம்மாவின் நகையை அடகு வைத்து இரண்டு வருடம் கேம் செய்யப் போவதாகச் சொன்னார். அந்த 35 லட்சம் பேரும் தன்னுடைய வாடிக்கையாளர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் தோற்ற இடத்தைக் காட்ட எழுந்ததற்கா அத்தனை சிரிப்பு? இருபது ஆண்டு கடை நடத்தியவனுக்கு ஒரு நிமிடம் பேச உரிமை இல்லையா?

அந்த மாணவர் நேற்று மாலை கடைக்கு வந்தார். விற்காத பத்தொன்பது டிஸ்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். 1,499 ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினார். அடியில் 2,499, அதற்கும் அடியில் 3,999, கடைசியில் 4,999. அதை அப்படியே படம் எடுத்துக்கொள்ளலாமா, அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று கேட்டார்.