18 அங்குலம் என்பது அறுக்கும் உயரம் அன்று

பேண்ட்சா என்பது சக்கரங்களில் சுற்றி ஓடும் வளையப் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம். "18 அங்குல பேண்ட்சா வாங்கினால் 18 அங்குல உயரக் கட்டையைப் பலகையாகப் பிளக்கலாம்" என்று சிலர் சொல்வது தவறு. அதை நம்பி வீட்டுப் பட்டறைக்கு இயந்திரம் வாங்குபவரின் பெருந்தொகை வீணாகிவிடும் என்பதால் திருத்துகிறேன். அந்த எண் சக்கரத்தின் விட்டத்தைக் குறிப்பது. பிளேடுக்கும் பக்கத்துத் தூணுக்கும் இடையே கிடைக்கும் அகலம் அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அறுக்கும் உயரமோ, பிளேடு விலகாமல் பிடிக்கும் மேல் வழிகாட்டியை மேசையிலிருந்து எவ்வளவு உயர்த்த முடியும் என்பதைப் பொறுத்த தனி அளவு. 14 அங்குல வார்ப்பிரும்பு மாடல்கள் பலவற்றில் அது 6 அங்குலம்தான்; இயந்திரச் சட்டத்தின் நடுவே அதை உயர்த்தும் இரும்புத் துண்டு (riser block) சேர்த்தால் 12 ஆகும், அப்போது பிளேடும் நீளமானதாக மாற வேண்டும்.

"பல் நெருக்கமாக இருந்தால் பலகை வழுவழுப்பாக வரும்" என்பதும் தடித்த கட்டைக்குப் பொருந்தாது. பற்களுக்கு இடையிலுள்ள குழியில் மரத்தூள் அடைத்துக்கொண்டால் பிளேடு சூடேறி நடுவில் வளையும். பலகை வயிறு தள்ளியதுபோல் வெளிவரும். எட்டு அங்குலத் தேக்கைப் பிளக்க, அங்குலத்துக்கு 3 பல் கொண்ட அகன்ற பிளேடையே நான் பரிந்துரைப்பேன்.

பிளேடைப் பொருத்தும்போது பக்க வழிகாட்டிகளுக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு தாளின் கனம் போதும். அவை பற்குழிக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும், முன்னே வந்தால் பற்கள் கெட்டுவிடும். பிளேடைப் பின்னாலிருந்து தாங்கும் பேரிங், மரம் அழுத்தாதபோது பிளேடைத் தொடக் கூடாது. இவற்றைத் தொடும் முன் மின் இணைப்பைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.