பங்கு பிரிக்கிற அன்றைக்கு விலை பேசாதீர்கள்

கூட்டாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. ஒருவர் விலகினாலோ இறந்துபோனாலோ அவர் பங்குக்கு எப்படி விலை போடுவது என்பதை, எல்லோரும் ஒற்றுமையாக இருக்கும்போதே பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் எத்தனையோ தொழில்கள் குடும்பத்துக்குள்ளேயே நடக்கின்றன. தோல் பதனிடுகிற தோல் ஷாப், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற யூனிட், லுங்கித் தறி, ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களை நம்பி ஓடும் லாட்ஜ். அண்ணன் தம்பியோ மாமன் மச்சானோ சேர்ந்து ஆரம்பித்திருப்பார்கள். பேங்கில் கேட்டார்களே என்று ஒரு பத்திரமும் போட்டிருப்பார்கள். லாப விகிதம் அதில் தெளிவாக இருக்கும். விலகினால் என்ன செய்வது என்ற இடத்தில் மட்டும் ‘பரஸ்பரம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது’ என்று ஒரு வரி. பேசித் தீர்க்க முடியாத நாளில்தான் பத்திரத்தையே எடுத்துப் பார்ப்போம்.

நான் இந்தப் பக்கத்துச் சின்னத் தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். பார்ட்னர் ஒருவர் இறந்து காரியம் முடிந்ததும், ‘அண்ணி, அண்ணன் கேபிட்டல்ல இவ்வளவுதான் நிக்குது’ என்று ஒரு தாளைக் காட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. காட்டுகிறவர் ஏமாற்ற நினைக்கிறார் என்று சொல்ல மாட்டேன். பங்கின் விலை என்றால் அந்தத் தொகைதான் என்று அவரும் நம்புகிறார். ஆனால் கேபிட்டல் அக்கவுண்டில் நிற்பது, அவர் போட்ட பணத்தோடு லாபத்தைச் சேர்த்து, எடுத்த பணத்தைக் கழித்த மீதி மட்டுமே. 1980-ல் வாங்கிய இடம் பெரும்பாலும் இன்னும் 1980 விலையில்தான் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கும். தொழில் தானாகச் சம்பாதித்த குட்வில்லுக்கு, அதாவது நல்ல பெயருக்கும் வாடிக்கைக்கும், அதில் ஒரு ரூபாய்கூட இருக்காது. ஆனால் 1932-ம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 14-வது பிரிவில், குட்வில்லையும் கூட்டுச் சொத்தாகத்தான் சொல்கிறது.

சரி, உண்மையான விலையை எப்படிப் பார்ப்பது? லாட்ஜை எடுத்துக்கொள்வோம். கட்டிடம் அடுத்தவருடையது. சொந்தம் என்றால் கட்டில், மெத்தை, ஏசி, கொடுத்து வைத்த அட்வான்ஸ், அவ்வளவுதான். சொத்தை மட்டும் எண்ணினால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் வருஷத்துக்கு 24 லட்சம் லாபம் வருகிறது என்று வையுங்கள், வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம். இரண்டு பார்ட்னர்களும் சம்பளம் எடுக்காமல் ராத்திரி பகலாக ரிசப்ஷனில் உட்கார்கிறார்கள். அந்த வேலைக்கு ஆள் போட்டால் வருஷத்துக்கு 8 லட்சம் ஆகும் என்றால், தொழிலின் லாபம் 16 லட்சம்தான். மீதி அவர்கள் உழைப்புக்கான கூலி. இந்த மாதிரித் தொழிலில் பணம் போடுகிறவர் வருஷம் 25 சதவீதம் எதிர்பார்ப்பார் என்றால், 16 லட்சம் தரும் தொழிலுக்கு 64 லட்சம் கொடுப்பார். கடன் 10 லட்சம் இருந்தால் கழித்து 54 லட்சம். பார்ட்னர் ஒருவருக்குப் பாதி, 27 லட்சம்.

இந்தக் கணக்கு லாபம் தொடர்ந்து வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. லீஸ் இன்னும் இரண்டே வருஷம்தான், ஓனர் புதுப்பிப்பார் என்பதற்கு உறுதியில்லை என்றால் அந்த 64 லட்சம் செல்லாது. மிச்சமிருக்கிற இரண்டு வருஷத்தில் வருவது 32 லட்சம். நாளைக்கு வரும் பணத்துக்கு இன்றைக்கு மதிப்பு குறைவு என்பதால் அதிலும் கொஞ்சம் குறைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் 11 மாச அக்ரிமெண்டில் ஓடும் லாட்ஜையும், நீண்ட லீஸைப் பதிவு செய்து ஓடும் லாட்ஜையும் ஒரே விலைக்குப் பேசக் கூடாது என்கிறேன். ஒரே எக்ஸ்போர்ட்டரிடம் மட்டும் ஜாப் ஒர்க் வாங்கும் அப்பர் யூனிட்டும் இதே நிலைமையில்தான் இருக்கிறது.

தோல் ஷாப்பில் கதை தலைகீழ். இடத்துக்கு நல்ல விலை இருக்கும், அதனால் விலகுகிறவர் அரசு நிர்ணயித்த கைடுலைன் வேல்யூவைக் காட்டிப் பங்கு கேட்பார். அது மட்டும் நியாயமா? 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே உச்ச நீதிமன்றம் ஏற்றது. நம் ஊர்த் தோல் தொழிலையும் பாலாற்றையும் வைத்து வந்த தீர்ப்பு அது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, சீரமைப்புச் செலவு என்று அந்த நீதிமன்றம் மறுபடியும் வேலூர் தோல் தொழில் விஷயத்தில் உத்தரவு போட்டிருக்கிறது. இந்தப் பொறுப்பு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் கடன் என்ற தலைப்பில் இருக்காது, ஆனால் இருக்கிறது. இடத்தின் விலையைச் சேர்க்கிறவர்கள் இதையும் கழிக்க வேண்டும்.

பத்திரத்தில் எதுவும் எழுதாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி ஒரு பார்ட்னர் இறந்தாலே கூட்டு கலைந்துவிடும். ‘தொடரும்’ என்று எழுதி வைத்தால் தொடரலாம். ஆனால் இரண்டே பேர் இருந்த கூட்டில் ஒருவர் போய்விட்டால், எழுதி வைத்தாலும் கூட்டு நிற்காது. மிஞ்சிய ஒருவர் யாரோடு கூட்டு? இறந்தவரின் மனைவியோ மகனோ தானாகப் பார்ட்னர் ஆகிவிடவும் முடியாது, மற்றவர்கள் சம்மதிக்க வேண்டும். அவர்களுக்குச் சேருவது பணம். அதைக் கொடுக்காமல் கூட்டுச் சொத்தை வைத்துத் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால், 37-வது பிரிவுப்படி அந்தச் சொத்தால் வரும் லாபத்தில் பங்கு கேட்கலாம், இல்லையென்றால் வருஷத்துக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம். எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்க வேண்டியவருக்கு. இந்தப் பிரிவு இருப்பதே பல வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது, அதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிவை எழுதலாம்.

அப்புறம், கூட்டைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் 69-வது பிரிவு குறுக்கே நிற்கும். சரக்கு வாங்கிவிட்டுப் பணம் தராதவர் மேல், ஒப்பந்தப்படியான பாக்கிக்குக் கூட்டின் பெயரில் வழக்குப் போட முடியாது. எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்றிருக்கும்போது ஏன் தள்ளிப்போட வேண்டும்?

பத்திரத்தில் எழுத வேண்டியது ஒரு பக்கம்கூட வராது. கடைசி மூன்று வருஷ லாபத்தின் சராசரியை எடுப்பதா, உழைக்கிற பார்ட்னருக்குச் சம்பளம் எவ்வளவு கழிப்பது, இடத்தை எந்த விலையில் சேர்ப்பது, சொல்லாமல் இருக்கும் பொறுப்புகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது, இரண்டு தரப்புக்கும் வேண்டாதவரும் வேண்டியவரும் இல்லாத எந்த மதிப்பீட்டாளரிடம் போவது. பணத்தை எத்தனை தவணையில், என்ன வட்டியோடு கொடுப்பது என்பது ரொம்ப முக்கியம். விலை நியாயமாக இருந்து, மொத்தத்தையும் ஒரே நாளில் கேட்டால் ஓடுகிற தொழில் படுத்துவிடும். வருஷா வருஷம் மார்ச் கணக்கு முடிக்கும்போதே இந்த முறைப்படி ஒரு தொகை போட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைப்பது இன்னும் நல்லது.

‘நல்லா போயிட்டிருக்கும்போது சாவைப் பத்தியும் பிரியறதைப் பத்தியும் ஏன் எழுதணும்’ என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். யார் முதலில் விலகுவார் என்று தெரியாத இன்றைக்கு எழுதினால்தான் விலை நடுநிலையாக இருக்கும். வாங்குகிறவர் யார், கொடுக்கிறவர் யார் என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் பக்கமே கணக்குப் பார்ப்பார்கள், சொந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

உயிரோடு விலகுகிறவர்களுக்கு ஒன்று. பணம் வாங்கியதோடு வந்துவிடாதீர்கள். விலகியதை, கூட்டுகளைப் பதிவு செய்கிற ரிஜிஸ்ட்ராரிடம் தெரிவித்து, அரசிதழிலும் தொழில் நடக்கிற மாவட்டத்தில் ஓடும் தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுங்கள். அது வரும்வரை, நீங்கள் இன்னும் பார்ட்னர்தான் என்று நம்பி வெளியார் கொடுக்கும் கடன் உங்கள் தலையிலும் விழலாம். பத்திரத்தின் நகல் ஒன்றை வீட்டிலும் வையுங்கள், எங்கே இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த வாரமே சொல்லுங்கள்.