பாவாவின் கூரையில் ஓடு மட்டுமா இருந்தது?

"இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா சிமென்ட் கலக்காமல் மண் ஓட்டை மட்டுமே வேய்ந்தார்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

அவர் பரவலாகக் கையாண்டது இரட்டைக் கூரை. கைமரங்களின் மேல் நெளிவுள்ள அஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடு. அதன் மேல் அரைவட்ட நாட்டு ஓடு. மழையைத் தடுப்பது தகடு, வெயிலைத் தாங்குவது ஓடு. பழைய முறையில் ஓட்டை மல்லாத்தியும் கவிழ்த்தும் இரண்டு அடுக்காக வேய வேண்டும். காகமோ குரங்கோ ஒன்றை நகர்த்தினாலே ஒழுகும். தகடு இருந்தால் ஓடு நகர்ந்தாலும் வீட்டுக்குள் நீர் இறங்காது.

இதை அறியாமல் சரிவு குறைந்த கூரையில் வெறும் நாட்டு ஓட்டைப் பரப்பினால், காற்றோடு வரும் மழை ஓட்டிடுக்கில் ஏறி மரத்தை அழுகவைக்கும். இன்று செய்வோர் அஸ்பெஸ்டாஸ் இல்லாத நார்ச் சிமென்ட் தகட்டையே வாங்குங்கள். அஸ்பெஸ்டாஸை அறுக்கும்போது எழும் தூசு புற்றுநோய் தரும்.

பாவா எல்லாக் கட்டடத்துக்கும் ஓடு வேயவும் இல்லை. கொழும்பை அடுத்த கோட்டேயில் 1982இல் திறந்த இலங்கை நாடாளுமன்றத்துக்கு அவர் போட்டது செப்புக் கூரை. அவர் வடிவமைத்த கந்தலம ஹோட்டலோ கான்கிரீட் சட்டகமும் தட்டைக் கூரையும் கொண்டது.