முழு விலைக்கு வாங்குங்கள், முடிந்தால் சின்னக் கடையில்

பெரிய கம்பெனி இல்லாமல் சின்னக் குழுக்கள் செய்கிற இண்டி கேம்களை நாம் ஆதரிக்க வேண்டும் என்று மாதத்துக்கு ஒரு பதிவாவது யாராவது போட்டுவிடுகிறார்கள். கீழே வரிசையாக லைக், இதயம், கைதட்டல். அவர்களில் ஒருவரைப் பிடித்து, சரி, நீங்கள் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டால் "விஷ்லிஸ்ட்ல போட்டிருக்கேன் ப்ரோ, சேல் வரட்டும்" என்பார். வாடகை, கார் தவணை, டோல் எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்று கோலாலம்பூரில் வேலை பார்க்கிற எனக்கும் தெரியும், அதனால் சேலுக்குக் காத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஆதரவு என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

என் கட்சி இதுதான். சின்னக் குழு செய்த கேம் பிடித்திருந்தால் முழு விலைக்கு வாங்குங்கள், செய்தவர் கைக்கு அதிகம் போய்ச் சேருகிற கடையில் வாங்குங்கள். க்ரவுட்ஃபண்டிங்கில், அதாவது இன்னும் முடியாத கேமுக்குப் பலர் சேர்ந்து முன்கூட்டியே பணம் கொடுப்பதில், காசு போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான், அதுவும் விளையாடிப் பார்க்க ஒரு டெமோவாவது இருந்தால்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கேம் 40 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் என்ற பெரிய இணையக் கடையில் வாங்கினால் 30 விழுக்காடு கடைக்கு, அதாவது 12 வெள்ளி, மிச்சம் 28. அதே கேமை 75 விழுக்காடு தள்ளுபடியில் 10 வெள்ளிக்கு வாங்கினால் மிச்சம் 7. அதிலும் பதிப்பாளர் ஒருவர் இருந்தால் அவர் பங்கு, அப்புறம் வரி, அப்புறம் படம் வரைந்தவர், இசை போட்டவர், கோட் எழுதியவர் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு எரிச்சலே ஸ்டீம் 2018-இல் கொண்டுவந்த சலுகைதான்: ஒரு கேம் 1 கோடி டாலர் வசூலித்துவிட்டால் அதற்கு மேல் நடக்கும் விற்பனைக்குக் கடையின் பங்கு 25 விழுக்காடாகக் குறையும், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 விழுக்காடு. வீட்டு அறையில் மூன்று பேர் உட்கார்ந்து செய்த கேம் எந்தக் காலத்தில் ஒரு கோடி டாலரைத் தொடும்? ஏற்கெனவே கொழுத்தவனுக்குக் கழிவு, மற்றவனுக்கு முழுக் கட்டணம். நல்ல நியாயம்.

இட்ச்.ஐஓ என்ற கடை 2013-இல் லீஃப் கோர்கரன் என்பவர் தொடங்கியது. அங்கே கடைக்கு எத்தனை விழுக்காடு என்பதை விற்பவரே முடிவு செய்கிறார். ஒன்றும் மாற்றாமல் விட்டால் 10, விருப்பமிருந்தால் பூஜ்யம்கூட வைக்கலாம். வாங்குகிற இடமும் வித்தியாசமானது. பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், குறைந்தபட்ச விலை 5 டாலர் என்று இருந்தால் அந்த எண்ணை நீங்களே அழித்துவிட்டு 7 என்றோ 10 என்றோ போடலாம், பக்கத்திலேயே ஒரு டாலர், இரண்டு டாலர் கூட்டிக் கொடுக்கச் சின்னச் சின்னப் பொத்தான்கள் இருக்கும். பணம் கட்டினதும் கோப்பு இறங்கிவிடும். பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு, சாவி, லாஞ்சர் எதுவும் கிடையாது, ஒரு தம்ப் டிரைவில் போட்டு வைத்தால் பத்து வருஷம் கழித்தும் ஓடும். சில பேர் கூடவே ஸ்டீம் கீயும், அதாவது அதே கேமை ஸ்டீமில் திறக்கிற குறியீடும், கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கீயில் விளையாடிவிட்டு ஸ்டீமில் எழுதுகிற விமர்சனம் அங்கே மொத்த மதிப்பெண்ணில் சேராது, அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் எனக்கு இட்ச்தான் முதலில்.

2020 ஜூனில் அமெரிக்காவில் நிறவெறி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது இதே சின்னக் கடை ஒரு தொகுப்பு போட்டது. குறைந்தபட்சம் 5 டாலர் கொடுத்தால் ஆயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள். 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, எல்லாம் நன்கொடையாகப் போனது. என் கணக்கிலும் அந்தத் தொகுப்பு இருக்கிறது, அதில் கால்வாசிகூட நான் திறந்து பார்த்ததில்லை.

ஆனால் இட்சைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. தேடுகிற வசதி சுமார்தான். சில நாளில் அவசரமாகக் கேம் செய்கிற கேம் ஜாம் போட்டிகளில் பாதியில் விட்ட குப்பைகளுக்கு நடுவில் நல்லதைத் தோண்டி எடுக்க வேண்டும். 2025 ஜூலையில் நடந்தது இன்னும் மோசம்: ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றின் பிரசாரத்துக்குப் பிறகு பணம் வசூலித்துத் தருகிற நிறுவனங்கள் நெருக்கடி கொடுக்க, வயது வந்தோருக்கான படைப்புகள் அத்தனையையும் முன்கூட்டிச் சொல்லாமலே தேடலிலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்த வகைக் கேம்கள் மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் எது கடையில் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று கிரெடிட் கார்டுக் கம்பெனி முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சின்னக் கடைக்கு எதிர்த்து நிற்கிற பலம் இல்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்துபோனது.

அடுத்த புலம்பல், "ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருச்சு, இதுக்கு இவ்ளோ விலையா?" இதை நான் அதிகம் கேட்டது 'வெண்பா' என்ற கேம் வந்தபோது. டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலை கடைசியில் வெளியானது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லியிலிருந்து பிரியாணிவரை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும், எழுத்து அழிந்த இடத்தை நாமே யூகிக்க வேண்டும். விலை 15 டாலர். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் வாங்கியது. நம் மொழியிலேயே எழுத்து ஓடுகிற ஒரு கேம், உலகம் முழுக்க ஆடுகிறார்கள், நம்ம ஆள் வந்து மணிக்கணக்குப் பார்த்து விலை பேசுகிறான். சினிமா டிக்கெட்டுக்கு இப்படி யாராவது பேசுகிறோமா? அதுவும் ஒரு பாப்கார்னோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இந்த மனநிலையை ஸ்டீமின் பணம் திருப்பும் விதி இன்னும் கெடுக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேள்வி கேட்காமல் பணம் திரும்பும். வாடிக்கையாளருக்கு நல்ல விதி, நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் கேமே ஒன்றரை மணி நேரம்தான் என்றால்? முழுசாக முடித்துவிட்டு, நல்லா இருந்தது என்று பாராட்டியும் எழுதிவிட்டு, காசைத் திரும்ப வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாளாகக் கேம் செய்துகொண்டிருந்தவர் இதைச் சொல்லியே தொழிலைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தார்.

இப்போது க்ரவுட்ஃபண்டிங். இப்படிக் காசு திரட்டுகிற கிக்ஸ்டார்ட்டர் இணையத்தளத்தை அம்மாவிடம் விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கூட்டுக் கட்டுற மாதிரியா?" தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த எல்லாக் குடும்பத்துக்கும் கூட்டு, அதாவது ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுக்கிற சீட்டு, தெரியும், அதில் ஏமாந்த ஒரு சித்தியும் இருப்பார், மலேசியாவில் 1971-இல் சட்டம் போட்டுத் தடை செய்தும் இன்றுவரை நடக்கிறது. ஆனால் கூட்டில் உங்கள் முறை வந்தால் காசு வரும். கிக்ஸ்டார்ட்டரில் பங்கும் கிடையாது, லாபமும் கிடையாது, கேம் முடிந்தால் ஒரு பிரதி வரும். நாங்கள் கடை இல்லை என்று அவர்களே 2012-இல் எழுதிவிட்டார்கள். கேட்ட தொகை சேராவிட்டால் யார் காசும் எடுக்கப்படாது, அது ஒன்றுதான் பாதுகாப்பு. சேர்ந்துவிட்டால் அப்புறம் எல்லாம் செய்கிறவர் கையில்.

அந்த 2012-ஐ எடுத்துக்கொள்வோம். டபுள் ஃபைன் என்ற கேம் கம்பெனி 4 லட்சம் டாலர் கேட்டு 33 லட்சத்துக்கு மேல் வாங்கியது, காசு போட்டவர்கள் 87,000 பேர். அந்தக் கேமின் முதல் பாதி 2014 ஜனவரியில் வந்தது, மீதிப் பாதி 2015 ஏப்ரலில். அதே 2012-இல் ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இருவர் எஃப்டிஎல் என்ற விண்கப்பல் கேமுக்கு வெறும் 10,000 டாலர் கேட்டார்கள், 2 லட்சம் வந்தது, செப்டம்பரிலேயே கேமைக் கையில் கொடுத்துவிட்டார்கள். காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. காசு கேட்க வரும்போதே அவர்களிடம் ஓடுகிற கேம் இருந்தது. முதலாமவர்களிடம் பெரிய பெயர் இருந்தது, கேம் இல்லை. மைட்டி நம்பர் 9 என்ற கேமும் அப்படித்தான்: பேர் போன ஜப்பானியத் தயாரிப்பாளர், 2013-இல் 9 லட்சம் கேட்டு 38 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2016 ஜூனில் வந்தபோது ரசிகர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மறுபக்கம் ஹாலோ நைட் என்ற கேம். அடிலெய்டில் ஒரு சின்னக் குழு, 2014 கடைசியில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள், 57,000 சேர்ந்தது, 2017-இல் கேம் வந்தது. அந்தத் திட்டத்தில் கூடுதலாகத் தருகிறோம் என்று சொன்ன ஒரு சின்னப் பகுதி வளர்ந்து வளர்ந்து தனிக் கேமாகி 2025 செப்டம்பரில் சில்க்சாங் என்று வெளிவந்தது. அன்றைக்கு அத்தனை பேர் ஒரே நேரத்தில் வாங்கப் போய் ஸ்டீமே திணறியது. காசு போட்ட அந்த ரெண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு அது இலவசம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். இந்த ஒரு கதையைக் காட்டியே பல பேர் என்னிடம் வாதம் செய்வார்கள். ஒரு ஹாலோ நைட்டுக்காக எல்லாவற்றுக்கும் காசு போட முடியாது, அவ்வளவுதான் என் பதில்.

ஏமாற்று அதிகம் என்று நினைக்கிறவர்களுக்கு: பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் 2015-இல் கிக்ஸ்டார்ட்டரில் காசு போட்ட 47,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு ஆராய்ந்தார். சொன்னதைக் கொடுக்காமலே போன திட்டங்கள் சுமார் 9 விழுக்காடு. பத்தில் ஒன்று. அது ஒன்றும் பயந்து ஓடுகிற அளவு இல்லை, ஆனால் உங்கள் காசு அந்த ஒன்றில் போய் மாட்டினால் விழுக்காடெல்லாம் ஆறுதல் தராது.

எனக்கு அப்படி ஒன்று மாட்டியது. பெயர் வேண்டாம். நின்றுபோகிற திட்டத்தை மின்னஞ்சலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முதலில் வாரம் ஒன்று வரும், படம் வரும், ஒரு கதாபாத்திரம் நடப்பதை மட்டும் காட்டும் சின்ன வீடியோ வரும். அப்புறம் மாதம் ஒன்று. அப்புறம் "வேறு எஞ்சினுக்கு (கேமை உருவாக்குகிற மென்பொருளுக்கு) மாறுகிறோம், இது நல்ல செய்தி" என்று ஒன்று. அப்புறம் குழுவில் ஒருவர் விலகியதற்கு வாழ்த்து. அதற்கடுத்து டி-ஷர்ட் அளவு கேட்டு ஒரு படிவம், கேமே இல்லாமல் டி-ஷர்ட்! அதோடு சரி.

டி-ஷர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, கிக்ஸ்டார்ட்டரில் காசு போடும்போது பெட்டி, பொம்மை, ஆர்ட் புக் சேர்ந்து வருகிற வகையை இங்கிருந்து எடுக்காதீர்கள். அஞ்சல் செலவுப் பட்டியலில் நாம் "உலகின் பிற பகுதிகள்" என்ற கடைசி வரியில் இருப்போம், சில சமயம் அந்தச் செலவு கேமின் விலையையே தாண்டிவிடும், செய்கிறவர்களுக்கும் அதில் நஷ்டம்தான். டிஜிட்டல் வகை போதும். இன்னொன்று, சிங்கப்பூரர்கள் 2016-இலிருந்து கிக்ஸ்டார்ட்டரில் தங்கள் பெயரிலேயே திட்டம் தொடங்கலாம். தயாரிப்பாளர்களை ஏற்கும் நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே இறங்க வேண்டுமென்றால் வெளிநாட்டில் ஒரு கூட்டாளியோ கம்பெனியோ வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், இங்கே இருப்பவர்களுக்கு நேரடி விற்பனைதான் பெரிய வாசல்.

இங்கே ஆட்கள் இல்லாமல் இல்லை. ஃபைனல் ஃபேண்டஸி 15 என்ற பெரிய ஜப்பானியக் கேமில் வேலை செய்துவிட்டு வந்த வான் ஹஸ்மர் தொடங்கிய மெட்ரோனாமிக், 2020-இல் வெளியான நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் என்ற இசைச் சண்டை கேமை இங்கிருந்தே செய்தது. மலேசிய அரசின் டிஜிட்டல் துறை அமைப்பான எம்டெக் நடத்துகிற லெவல் அப் கேஎல் நிகழ்ச்சிக்குப் போனால் தன் கேமை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு யார் வந்து ஆடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிற சின்னப் பசங்களைப் பார்க்கலாம். ஐந்து நிமிஷம் ஆடிவிட்டு எங்கே மாட்டிக்கொண்டோம் என்று சொன்னாலே அவர்களுக்கு அது பெரிய உதவி.

எங்கள் தலைமுறைக்கு ஒரு நோய் உண்டு. கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் சில வெள்ளிக்குத் திருட்டு சிடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள், கேம் என்றால் அவ்வளவுதான் விலை என்று மண்டையில் ஏறிவிட்டது. பெரிய கம்பெனி 300 வெள்ளி வைத்தால் புலம்பிக்கொண்டே முன்பதிவு செய்கிறோம், சின்னவன் 30 வைத்தால் விலை அதிகம் என்கிறோம்.

காசு இல்லாதவர்கள் விஷ்லிஸ்டில் போடுங்கள், அதுவும் வீண் இல்லை, வெளிவருகிற அன்று உங்களுக்கு அறிவிப்பு வரும். வாங்கியவர்கள் ரெண்டு வரி விமர்சனம் எழுதுங்கள். மாதம் ஒரு கேம் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒன்று வாங்கினாலும் போதும்.

கிரெடிட் கார்டு இல்லையே என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு: இட்சில் பேபால் அல்லது கார்டு. சாதாரண டெபிட் கார்டே வேலை செய்யும், ஆனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், வங்கிச் செயலிக்குள் போய் அதை முதலில் திறந்துவிடுங்கள், வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.