ஆர்மோனியத்தில் பிறந்த பாட்டு

ஒரு ஆர்மோனியம். அதன் மேல் மெதுவாக, கிட்டத்தட்ட பிரார்த்தனை போல ஒரு குரல். டெபேஷ் மோட் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் பேண்டின் பாடலாசிரியர் மார்ட்டின் கோர் 'என்ஜாய் தி சைலன்ஸ்' பாட்டை முதலில் கொண்டுவந்தபோது அது அப்படித்தான் இருந்தது. கீபோர்டு வாசித்த ஆலன் வைல்டர் அதைக் கேட்டுவிட்டு, வேகத்தைக் கூட்டி, தாளம் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். கோருக்கு மனசே வரவில்லை. மௌனத்தைப் பாடும் பாட்டுக்கு எதற்கு இந்த ஓட்டம் என்று நினைத்தார். ஆனாலும் விட்டுக்கொடுத்தார். 1990-ல் அது ஹிட் பாட்டுப் பட்டியலில் பிரிட்டனில் 6-ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 8-ஆம் இடத்துக்கும் போனது.

இந்த ஆர்மோனிய வடிவமும் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். மெஷின் மியூசிக்கில் உயிர் இல்லை என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதைத்தான். அந்தச் சோகம் வேகமான வடிவத்தில் கொஞ்சமும் குறையவில்லை. ஆடிக்கொண்டே அழ வைக்கிறது.

இவர்கள் லண்டனுக்குக் கிழக்கே பாசில்டன் என்ற ஊர்க்காரர்கள். போருக்குப் பிறகு திட்டம் போட்டுக் கட்டிய புதுநகரம் அது. 1980-ல் சேர்ந்த நாலு பையன்கள், சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி லண்டனுக்குக் கச்சேரிக்குப் போனார்கள். மியூட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் நடத்திய டேனியல் மில்லர் எழுத்தில் ஒப்பந்தமே போடாமல், கைகுலுக்கிச் சேர்த்துக்கொண்டார். 1981-ல் முதல் ஆல்பம். அந்த வருடம் முடிவதற்குள், அதில் பெரும்பாலான பாட்டுகளை எழுதிய வின்ஸ் கிளார்க் விலகிவிட்டார். பாட்டு எழுதுகிறவரே போய்விட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். கோர் பேனாவை எடுத்தார். அப்புறம் பத்திரிகை விளம்பரம் பார்த்து வைல்டர் வந்து சேர்ந்தார்.

உண்மையான வளர்ச்சி 1983-ல்தான் என்பது என் கருத்து. எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து இசையாக வாசிக்க உதவும் சாம்ப்ளர் என்ற கருவி கைக்கு வந்ததும் டேப் ரெக்கார்டரோடு கிழக்கு லண்டனில் பாழடைந்த இடங்களுக்கும் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் போனார்கள். தகரத்தைத் தட்டினார்கள், குழாயை அடித்தார்கள், கிடைத்த இரும்பையெல்லாம் மோதிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து கீபோர்டின் கட்டைகளில் ஏற்றி வாசித்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் டிரம் என்று நினைத்த இடத்தில் இரும்பு அதிர்வது தெரியும். பட்டனைத் தட்டும் வேலையா இது?

1988 ஜூன் 18-ல் கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் இவர்கள் கச்சேரிக்கு அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். 1995-ல் வைல்டர் விலகினார். மறுவருடம் பாடகர் டேவ் கஹான் போதைமருந்தால் செத்துப் பிழைத்தார். வைல்டர் போன பிறகும் நல்ல பாட்டுகள் வந்தன, மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஒலியையும் இழைத்து இழைத்து வைக்கும் அந்தக் கை இல்லாதது எனக்குக் கேட்கிறது.

அந்த நாலு பையன்களில் ஒருவரான ஆண்டி ஃபிளெட்சரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவருக்கு என்ன வேலை என்று ரசிகர்களே கேலி செய்வார்கள். அவர் பெரிய வாசிப்பாளர் இல்லை, சரி. ஆனால் மேனேஜரே இல்லாத காலத்தில் கணக்கு வழக்கு பார்த்தவர் அவர். கோரும் கஹானும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில் நடுவில் நின்றவரும் அவர்தான். வின்ஸ் போனதையும் ஆலன் போனதையும் தாண்டி நாற்பது வருடம் வீடு கலையாமல் இருந்ததற்கு இப்படி ஒருவர் வேண்டாமா? நல்ல பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் இருந்தும் மூன்றே ஆல்பத்தில் உடைந்த பேண்டுகள் எத்தனை!

2022 மே மாதம் அறுபது வயதில் அவர் இறந்தார். அடுத்த வருடம் மிச்சமிருந்த இருவரும் 'மெமெண்டோ மோரி' ஆல்பத்தோடு மேடையேறினார்கள். 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பாடும்போது, கண்ணாடி போட்ட ஃபிளெட்சரின் முகம் பின்னால் திரை முழுக்கத் தெரிந்தது.