கையில் பிடிக்காமல் மல்யுத்தம் வராது

போன வாரம் ஒரு தோழி மெசஞ்சரில் கேட்டாள்: "மங்கோலிய மல்யுத்தமும் சீன மல்யுத்தமும் ஆன்லைனில் சொல்லித் தருகிறார்களாமே. நீ சேர்ந்திருக்கிறாய் இல்லையா, நானும் பணம் கட்டலாமா?" அவளுக்கு ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. ஒன்றரை வருஷமாக நான் இதிலேயே கிடக்கிறேன். வேறு யாருக்காவதும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மங்கோலியாவில் இதை போஹ் என்கிறார்கள். வருஷா வருஷம் ஜூலை 11 தொடங்கி உலான்பாத்தரில் நடக்கும் நாதம் திருவிழாவில் குதிரைப் பந்தயம், வில்வித்தை, மல்யுத்தம் மூன்றும் உண்டு. மல்யுத்தத்தில் வழக்கமாக 512 பேர் இறங்குவார்கள், ஒன்பது சுற்று. எடைப் பிரிவு கிடையாது. எழுபது கிலோ ஆளுக்கு எதிரே நூற்றைம்பது கிலோ ஆள் வந்து நின்றாலும் ஆடித்தான் ஆக வேண்டும். முழங்காலோ முழங்கையோ முதுகோ தரையில் பட்டால் தோல்வி, உள்ளங்கையை ஊன்றிக்கொள்ளலாம். தோற்றவர் ஜெயித்தவரின் கைக்கு அடியில் குனிந்து போவார். ஜெயித்தவர் இரண்டு கைகளையும் சிறகு மாதிரி விரித்து, மெதுவாக அசைத்து ஆடுவார். கருடன் பறப்பதுதான் அந்த ஆட்டம். அவர்கள் கான்கரித் என்று சொல்வதும் நம் கருடனைத்தான். பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்த பெயர் அது. முதல் தடவை வீடியோவில் பார்த்தபோது, கருட சேவையன்று பெருமாளைத் தூக்கிக்கொண்டு வரும் அந்த விரிந்த சிறகுதான் எனக்குக் கண்ணில் வந்தது. அன்றைக்கே இதைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

சீனாவில் இதற்கு ஷுவாய் ஜியாவ் என்று பெயர். இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லித்தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, இரண்டுக்கும் உறவு உண்டு. மஞ்சு இனத்தவர் சீனாவை ஆண்ட சிங் அரச காலத்தில் பெய்ஜிங்கில் அரண்மனைக்கென்றே ஒரு மல்லர் படை இருந்தது. மஞ்சு மொழியில் மல்யுத்த வீரருக்கு புகு என்று பெயர், போஹ் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 1669ல் இளவயதுப் பேரரசர் காங்ஷி, தன் பேச்சைக் கேட்காமல் ஆட்டிப்படைத்த ஓபோய் என்ற பெரும் பிரபுவை இளம் மல்லர்களை வைத்தே மடக்கிப் பிடித்தார். 1912ல் அரசு கவிழ்ந்ததும் மல்லர்களுக்கு வந்துகொண்டிருந்த படியளப்பு நின்றுபோனது. அரண்மனை வித்தையைக் கற்றவர்களும் அவர்களிடம் பழகியவர்களும் தியான்சியாவ் சந்தைத் திடலில், வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் போட்ட காசுக்கு ஆடினார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனால் அவர்கள் அப்படித் தெருவில் நின்று ஆடியதும் இந்தக் கலை தொடர்ந்ததற்கு ஒரு காரணம்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். நான் முதலில் பணம் கட்டிய இடத்தில் பன்னிரண்டு வாரத்தில் சான்றிதழ் என்றார்கள். பதிவு செய்த வீடியோக்கள் மட்டும்தான், கேள்வி கேட்க ஆள் இல்லை. ஒரு வீடியோவில் காலைக் கையால் பிடித்துத் தூக்கலாம் என்றார்கள், அடுத்ததில் கூடாது என்றார்கள். நான் குழம்பிப்போனேன். விஷயம் என்னவென்றால், மங்கோலிய நாட்டில் காலைப் பிடிக்கலாம், சீனாவுக்குள் இருக்கும் உள் மங்கோலியாவில் பிடிக்கக் கூடாது. அங்கே கை தரையில் பட்டாலும் தோல்விதான். சட்டைகூட வேறு, அவர்களுடையது உலோகக் குமிழ் பதித்த தோல் சட்டை. எந்த ஊர் ஆட்டம் என்று சொல்லாமல் சொல்லித்தருவது கற்பவருக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவதாகச் சேர்ந்த வகுப்பு நேரலை. அந்த ஆசிரியரை என்றைக்கும் மறக்க மாட்டேன். தனியாகச் செய்யும் பயிற்சிகளை அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தந்தார். ஷுவாய் ஜியாவில் தனிப் பயிற்சி நிறைய உண்டு. ஒவ்வொரு வீச்சையும் காற்றோடு செய்வது, கனமான பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இடுப்பைத் திருப்பி உதறுவது, பழைய பூட்டு மாதிரி கைப்பிடி வைத்துச் செதுக்கிய கல்லை மேலே எறிந்து பிடிப்பது. மொட்டைமாடியில் நான் பெல்ட்டை உதறும்போது அவர் திரையில் பார்த்துவிட்டு, "சத்தம் தோளிலிருந்து வருகிறது, இடுப்பிலிருந்து வரட்டும்" என்பார். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. சரியாக வந்த அன்றைக்கு அந்தப் பட்டை பளீரென்று அறைந்த சத்தத்தில் பக்கத்து மாடிப் புறாவெல்லாம் எழும்பிப் பறந்தது. இதெல்லாம் ஆன்லைனில் நிச்சயமாக வரும்.

வராதது பிடி. ஷுவாய் ஜியாவ் சட்டை குட்டைக் கை வைத்தது, பல அடுக்குத் துணியை நெருக்கித் தைத்தது, தாலியன் என்பார்கள். கையில் எடுத்தால் சாக்கு மாதிரி கனக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூடோ மன்றம் ஒன்றில் அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். எதிரே நின்ற பெண் என் கைப்பகுதியைப் பிடித்து லேசாக இழுத்தாள். நான் அவள் கையைக் குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். என் எடை முன்காலுக்குப் போயிருக்கிறது, அந்தக் காலையே தட்டிவிட்டாள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பாயில் கிடந்தேன். எட்டு மாதம் வீடியோவில் ஆயிரம் தடவை செய்த வீச்சு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பது நம் விரலுக்குத்தான் முதலில் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதைச் சொல்லித்தர எதிராளியின் உடம்பைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று, விழுவது. தலையை மடக்கி, கையை அறைந்து விழக் கற்காமல் யாரும் எறிபடக் கூடாது. அதை நேரில் ஒருவர் பக்கத்தில் நின்றுதான் சொல்லித்தர வேண்டும். சிமெண்டுத் தரையில் வீடியோ பார்த்து யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள், தயவுசெய்து. கழுத்து போனால் போனதுதான்.

பெண்கள் நிறையப் பேர் கேட்பதால் இதையும் சொல்கிறேன். நாதம் மல்யுத்தத்தில் பெண்களுக்கு இடமில்லை. முன்பு ஒரு பெண் ஆண் வேடமிட்டு எல்லோரையும் ஜெயித்துவிட்டதால்தான் மங்கோலிய மல்லர் சட்டை மார்பைத் திறந்து தைக்கப்படுகிறது என்று கதை சொல்வார்கள். கைது என்ற மங்கோலிய அரசரின் மகள் தன்னைக் கட்டிக்கொள்ள வந்தவர்களை மல்யுத்தத்தில் தோற்கடித்து, அவர்கள் பந்தயம் வைத்த குதிரைகளைச் சேர்த்த கதையை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்த மண்ணிலிருந்தே உரான்ட்செட்செக் 2013ல் ஜூடோ உலகச் சாம்பியன் ஆனார். அப்படியிருந்தும் அந்தத் திடல் இன்னும் பெண்களுக்குத் திறக்கவில்லை. எனக்கு இது மனசுக்கு வலிக்கிறது. ஆன்லைன் வகுப்பில் அந்தத் தடை இல்லை, சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்காகவே அந்த வகுப்புகள் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆகவே, தோழி, பணத்தைக் கட்டு, ஆனால் நேரலை வகுப்பாகப் பார்த்துக் கட்டு. அதற்கு முன்னால் பக்கத்தில் ஜூடோ மன்றம் எங்கே இருக்கிறது என்று தேடு, முதல் மாதம் வெறும் விழுவதை மட்டும் பழகு. அப்புறம், உன் தங்கையும் வருவாளா என்று கேள். தாலியன் இரண்டு என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.