ஹார்ட் டிஸ்க் சத்தம் குறையணுமா? 5400 ஆர்பிஎம் போதும்

வீட்டு பேக்கப்புக்கும் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) ஹார்ட் டிஸ்க் டிரைவையே வாங்கச் சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் படுக்கிற அறையிலேயே கம்ப்யூட்டர் இருக்கும் வீடுகளுக்கு அது சரிவராது. ராத்திரி முழுக்க இரையும். 5400 ஆர்பிஎம், சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதும்) வகை பாருங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை விலை குறைவுதான், ஆனால் பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதினால் வேகம் படுத்துவிடும். ஸ்க்ரூவுக்கு அடியில் ரப்பர் வாஷர் போட்டால் கேபினெட் அதிர்வும் அடங்கும்.

வாரண்டிதான் முக்கியம். சீகேட் நிறுவனத்தின் பாரக்குடாவுக்கு 2 வருஷம், அதன் ஐயன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் பிளஸ் இரண்டுக்கும் 3. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் காசு கொடுக்கும் முன்பே லேபிளில் உள்ள சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அசெம்பிள் கம்பெனிகளுக்குப் போன ஓஇஎம் சரக்கு என்றால் நமக்கு வாரண்டி கிடைக்காது. ஜிஎஸ்டி பில்லில் அதே எண் இருக்கணும். ‘கடை வாரண்டி’ என்றால் நகர்ந்துவிடுங்கள்.

மாட்டியதும், டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் அது ஓடிய மணிநேரம் பாருங்கள். ஆனால் அந்தக் கணக்கையே அழித்து, பழையதைப் புதுசாக விற்கிறார்கள். அதனால் சீகேட் என்றால், ஸ்மார்ட்சிடிஎல் என்ற மென்பொருளில் ஃபார்ம் பதிவையும் (டிரைவ் தனியாக வைத்திருக்கும் ஓட்டக் கணக்கு) சரிபாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பட்டியலில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (படிக்கச் சிரமப்படும் இடங்கள்) வரிசைகளில் எண் ஏறினால் உடனே மாற்றக் கேளுங்கள். சி7 (தரவு கடத்தும்போது வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில்தான் கோளாறு, டிரைவைத் திட்டாதீர்கள். வாரண்டியில் மாற்றித் தருவது டிரைவைத்தான், உள்ளே இருந்த போட்டோக்களை இல்லை.